லாபம் இறங்கி, நிர்வாகியின் ஊதியம் ஏறினால்: வட ஆர்க்காட்டுச் சிறு பங்குதாரருக்கு ஒரு வழிகாட்டி

ஆனி பிறந்ததும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் மின்னஞ்சலில் வந்து சேரத் தொடங்கும். ஆவணி முடியும் வரை அந்த வரத்து ஓயாது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில் பங்கு வைத்திருப்போர் பெரும்பாலும் பெருமுதலாளிகள் அல்லர். பெல் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர், இராணுவத்திலிருந்து திரும்பிக் கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைப் பங்கில் போட்டவர், ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் வியாபாரம் செய்து மிச்சம் பிடித்தவர் என்று நடுத்தரக் குடும்பத்தினரே அதிகம். அவர்களில் பலருக்கு ஒரே மனக்குறை. சில ஆண்டுகளாக லாபம் இறங்குமுகம், லாபத்திலிருந்து பங்குக்குக் கிடைக்கும் டிவிடெண்ட் சுருங்கிவிட்டது, பங்கு விலை வாங்கிய விலைக்குக் கீழே கிடக்கிறது; நிர்வாக இயக்குநரின் ஊதியம் மட்டும் ஆண்டு தவறாமல் ஏறுகிறது.

இந்தக் குறையை எங்கே, எப்படிச் சொன்னால் பயன் உண்டு என்பதுதான் இங்கே பேசப்போகும் பொருள். லாபம் குறைந்ததை எந்தப் பங்குதாரரும் வாக்களித்து மாற்ற முடியாது. கணக்குகளை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் ஆண்டுதோறும் வரும். அதை எதிர்த்து வாக்களித்தால் மனம் ஆறுமே தவிர, லாபம் ஒரு ரூபாய்கூட ஏறாது. ஊதியம் அப்படியன்று. நிர்வாக இயக்குநருக்கும் முழுநேர இயக்குநர்களுக்கும் எவ்வளவு தரலாம் என்பதற்குப் பங்குதாரர்களின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே, லாபத்தைப் பற்றிய கேள்வியை ஊதியத் தீர்மானத்தின் மேல் வைத்துக் கேட்பதே சிறு பங்குதாரர் கையில் இருக்கும் நேர்வழி. கூட்டத்தில் குரலை உயர்த்துவதைவிட இது சத்தமில்லாத வேலை. ஆனால் பலன் இதில்தான் இருக்கிறது.

அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள்

ஆண்டறிக்கையைத் திறந்ததும் தலைவரின் உரையும் ஆலையின் வண்ணப் படங்களும் கண்ணில் படும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் படிக்க வேண்டியது ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு. கூட்ட நாளுக்கு 21 முழு நாள்களுக்கு முன்பாக அது உங்களுக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதித்திருக்கும் நிபந்தனை. அறிவிப்பில் சிறப்பு அலுவல் என்ற தலைப்பின் கீழ் நிர்வாக இயக்குநரின் நியமனம், மறுநியமனம், ஊதிய நிர்ணயம், ஊதியத் திருத்தம் ஆகியவை இடம்பெறும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்க அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். தீர்மானத்தின் வாசகம் நாலு வரியில் சாதுவாக முடிந்துவிடும். விவகாரமெல்லாம் அந்த விளக்க அறிக்கையில்தான் இருக்கும்.

அதில் முதலில் கவனிக்க வேண்டியது காலம். ஒரு நிர்வாக இயக்குநரை ஒரு முறைக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் நியமிக்க முடியாது. இதன் மறுபக்கத்தையும் யோசித்துப் பாருங்கள்: இந்த ஆண்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால், நீங்கள் ஒப்புக்கொண்ட வரம்புக்குள் ஏறும் ஊதியத்துக்கு அடுத்த ஐந்து ஆண்டுகள் உங்களை மறுபடி கேட்க வேண்டியதில்லை. “ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வரை உயர்த்திக்கொள்ள இயக்குநர் குழுவுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது” என்ற ஒரு வரி அதற்குப் போதும். ஆகவே உங்கள் கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும், நிர்வாக இயக்குநரின் தற்போதைய பதவிக்காலம் எந்த ஆண்டில் முடிகிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆண்டுதான் உங்கள் வாக்குக்கு எடை அதிகம்.

அடுத்தது, ஊதியத்தின் உறுப்புகள். நிலையான சம்பளம் எவ்வளவு, லாபத்தைப் பொறுத்த கமிஷன் எவ்வளவு, வீடு, வாகனம், ஓய்வுகாலப் பலன்கள், பங்கு ஒதுக்கீடு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். லாபத்தோடு கட்டிய பகுதி பெரிதாகவும் நிலையான பகுதி சிறிதாகவும் இருந்தால், லாபம் விழும்போது ஊதியமும் தானாக விழும். அதில் பெரிய குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் விளக்க அறிக்கையில் ஊதியத்தைச் சொல்லும் பத்தியின் கடைசியில், கண் அயரும் இடத்தில், பெரும்பாலான நிறுவனங்கள் இன்னொரு வரியை வைத்திருக்கும்: லாபம் இல்லாத அல்லது போதாத ஆண்டிலும் மேற்சொன்ன ஊதியமே குறைந்தபட்ச ஊதியமாக வழங்கப்படும் என்பது அதன் சாரம். லாபம் போனால் உங்கள் டிவிடெண்ட் போகும், அவருடைய சம்பளம் போகாது என்பதைச் சட்ட நடையில் எழுதினால் இப்படித்தான் வரும். அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரிதாக வந்தாலும் விட்டுவிடக்கூடாத தீர்மானம் ஒன்று உண்டு. வரம்பை மிஞ்சி எடுத்த ஊதியத்தை அந்த இயக்குநர் நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அதை வசூலிக்காமல் விட்டுவிட வேண்டுமானால் பங்குதாரர்களிடம் சிறப்புத் தீர்மானம் (பதிவான வாக்கில் முக்கால் பங்கு ஆதரவு தேவைப்படுவது) வாங்க வேண்டும். ‘மிகை ஊதிய வசூலைக் கைவிடுதல்’ என்ற பொருளில் ஏதேனும் வந்திருந்தால், மற்ற எதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் அதைப் படித்துவிடுங்கள்.

வரம்புகள்: எந்தத் தீர்மானத்துக்கு எத்தனை வாக்கு

கம்பெனிகள் சட்டத்தின் 197-ஆம் பிரிவு மொத்தத்தில் ஒரு கூரையைப் போட்டிருக்கிறது. ஒரு பொது நிறுவனம் (பப்ளிக் லிமிடெட்; அரசு நிறுவனம் என்று பொருளன்று) தன் இயக்குநர்களுக்கும் மேலாளருக்கும் ஓராண்டில் தரும் ஊதியம் அந்த ஆண்டின் நிகர லாபத்தில் 11 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்குள், ஒரே ஒரு நிர்வாக இயக்குநரோ முழுநேர இயக்குநரோ இருந்தால் அவருக்கு 5 விழுக்காடு. ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து 10 விழுக்காடு. இங்கே சொல்லப்படும் நிகர லாபம் லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் உள்ள தொகை அன்று. 198-ஆம் பிரிவின்படி சில வரவுகளைக் கழித்தும் சில செலவுகளைச் சேர்த்தும் போடுகிற தனிக் கணக்கு. லாபமே இல்லாத, அல்லது போதாத நிறுவனங்களுக்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வேறு ஒரு வரம்பு தருகிறது: செயல்மூலதனம் (பங்கு மூலதனம், கையிருப்பு, நீண்டகாலக் கடன் ஆகியவற்றின் கூட்டிலிருந்து முதலீடுகளையும் சேர்ந்த நட்டத்தையும் கழித்தது) 5 கோடி ரூபாய்க்குக் கீழே என்றால் ஆண்டுக்கு 60 லட்சம், 5 முதல் 100 கோடி என்றால் 84 லட்சம், 100 முதல் 250 கோடி என்றால் 120 லட்சம், அதற்கு மேல் போனால் மிகுதி மூலதனத்தில் 0.01 விழுக்காடு கூடுதலாக.

இந்தக் கூரைகளை எல்லாம் தாண்டலாம். அதற்கு வாசல் சிறப்புத் தீர்மானம். 2018 செப்டம்பருக்கு முன்பு 11 விழுக்காட்டைத் தாண்ட மத்திய அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது. இப்போது அந்த அதிகாரம் பங்குதாரர்களிடம் வந்துவிட்டது. அரசு செய்துவந்த வேலையை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு, சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கூடுதலாக ஒரு விதி வைத்திருக்கிறது. புரமோட்டர், அதாவது நிறுவனத்தைத் தொடங்கி அதைத் தன் பிடியில் வைத்திருப்பவர், குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்து, அவருடைய ஆண்டு ஊதியம் 5 கோடி ரூபாய் அல்லது நிகர லாபத்தில் 2.5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதை மிஞ்சினால், சிறப்புத் தீர்மானம் கட்டாயம். அப்பா, மகன், தம்பி என்று ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோருடையதும் சேர்த்து நிகர லாபத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டும்போது அதே விதி பொருந்தும். 2019 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

சாதாரணத் தீர்மானத்துக்கும் சிறப்புத் தீர்மானத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்தான் தன் வாக்கின் மதிப்பை அறிந்தவர். சாதாரணத் தீர்மானம் பாதிக்கு மேல் கிடைத்தால் நிறைவேறிவிடும். புரமோட்டர்களிடம் பாதிக்கு மேல் பங்கு இருந்தால் உங்கள் எதிர்ப்பு பதிவாகுமே தவிர முடிவை மாற்றாது. சிறப்புத் தீர்மானத்துக்கு ஆதரவு எதிர்ப்பைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். புரமோட்டர்களிடம் 50 விழுக்காடு இருக்கிறது, வேறு யாரும் ஆதரிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; எதிராக 17 விழுக்காடு விழுந்தாலே தீர்மானம் தோற்றுவிடும். 70 விழுக்காடு அவர்களிடம் இருந்தால் 24 விழுக்காடு வேண்டும். மீதமுள்ள 30-இல் 24-ஐத் திரட்டுவது எளிதன்று. கணக்கில் வருவது பதிவான வாக்குகள் மட்டுமே. வாக்களிக்காமல் இருப்பது நடுநிலை என்று நினைப்போர் பலர் உண்டு. இந்தக் கணக்கில் அது எதிர்ப்பின் பங்கைச் சிறிதாக்கி, தீர்மானத்தைக் கொண்டுவந்தவருக்கே உதவுகிறது.

அம்முண்டியில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொடுக்கும் உறுப்பினர்களுக்கு ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்பதே பழக்கம். நிறுவனப் பங்கில் ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கு இது சோர்வு தரலாம். ஆனால் நிதி நிறுவனங்களும் மியூச்சுவல் ஃபண்டுகளும் நம் பக்கம் சேரும்போது நிலைமை மாறும். அது நடந்தும் இருக்கிறது. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் ஆலைக்கு அடிக்கல் நாட்டிய டாடா மோட்டார்ஸ், 2014-இல் போதிய லாபமில்லாத ஓர் ஆண்டுக்குத் தன் உயர் நிர்வாகிகளுக்கு ஊதியம் தர ஒப்புதல் கேட்டபோது, தேவையான 75 விழுக்காடு கிடைக்காமல் தீர்மானங்கள் தோற்றன. ராயல் என்ஃபீல்டு வண்டிகளைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸில் 2021 ஆகஸ்டில் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் ஊதியமும் அவ்வாறே 75-ஐ எட்டவில்லை. ஊதிய உச்சவரம்பை லாபத்தில் 3 விழுக்காட்டிலிருந்து 1.5 விழுக்காடாகக் குறைத்து மறுபடி கேட்டபோதுதான் ஒப்புதல் கிடைத்தது. அவர் பதவியில் தொடர்ந்தார். ஊதியத்துக்கான கூரை மட்டும் இறங்கியது. எதிர்ப்பு வாக்கின் நோக்கம் நிர்வாகியை விரட்டுவது அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இன்னொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. இயக்குநரின் மகனோ மருமகளோ நிறுவனத்தில் மாதம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் அமர்த்தப்பட்டால், அதற்கும் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அந்தத் தீர்மானத்தில் சம்பந்தப்பட்ட உறவினர் வாக்களிக்க முடியாது. நிர்வாக இயக்குநரின் சொந்த ஊதியத்துக்குப் புரமோட்டர்கள் வாக்களிக்கலாம், உறவினர் சம்பளத்துக்குக் கூடாது என்பது விநோதமான ஏற்பாடுதான். எனினும் சிறு பங்குதாரருக்கு அதில் ஒரு பிடி கிடைக்கிறது.

அரசு நிறுவனங்களுக்கு 197-ஆம் பிரிவு பொருந்தாது. இங்கே பலரிடம் இருக்கும் பெல் பங்கைப் பொறுத்தவரை, உயரதிகாரிகளின் சம்பளம் அரசின் ஊதிய விதிகளின்படி அமைவது. அங்கே கேட்க வேண்டியவை ஆர்டர், நிலுவை, லாபம் பற்றிய கேள்விகளே.

எண்களைச் சேர்க்கும் முறை

ஓர் ஆண்டின் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. குறைந்தது நான்கைந்து ஆண்டுகளின் அறிக்கைகளை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ பங்குச் சந்தையின் தளத்திலிருந்தோ இறக்கிக்கொண்டு, ஒரு தாளில் விற்பனை, நிகர லாபம், ஒரு பங்குக்கான டிவிடெண்ட், நிர்வாக இயக்குநரின் மொத்த ஊதியம் ஆகிய நான்கை மட்டும் ஆண்டுவாரியாக எழுதுங்கள்.

கற்பனையாக ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் லாபம் 38 கோடி, நிர்வாக இயக்குநரின் ஊதியம் 1.52 கோடி; அதாவது 4 விழுக்காடு. நான்காம் ஆண்டில் லாபம் 21 கோடி, ஊதியம் 1.89 கோடி, அதாவது 9 விழுக்காடு. ஊதியம் 37 லட்சம்தானே ஏறியிருக்கிறது, ஆண்டுக்குப் பார்த்தால் சாதாரண உயர்வுதானே என்று தோன்றும். ஆனால் லாபத்தில் அவர் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 21 கோடியில் 5 விழுக்காடு 1.05 கோடிதான் என்பதால், 1.89 கோடி தருவதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்ற நிலையும் வந்துவிட்டது. இந்த இரண்டு விழுக்காடுகளையும் அருகருகே வைத்துக் கேட்கும் கேள்விக்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்வது கடினம்.

ஊதியத் தொகை ஓரிடத்தில் முழுமையாகக் கிடைக்காது. இயக்குநர் குழுவின் அறிக்கையின் இணைப்பில், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று கொடுத்திருப்பார்கள். ஊழியர் அனைவரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலை ஊதியம். அதே இணைப்பில் ஊழியருக்கு எத்தனை விழுக்காடு உயர்வு, இயக்குநருக்கு எத்தனை என்பதும் இருக்கும். நிறுவன ஆளுகை அறிக்கையில் சம்பளம், கமிஷன், பங்கு ஒதுக்கீடு என்ற பகுப்பு இருக்கும். உறவுத்தரப்புப் பரிவர்த்தனைகள் பற்றிய கணக்குக் குறிப்பில், குடும்பத்தினருக்கும் அவர்களுடைய வேறு நிறுவனங்களுக்கும் போன தொகைகள் தெரியும். துணை நிறுவனத்திலிருந்து அவர் வேறு ஏதேனும் வாங்குகிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள். அதிக ஊதியம் பெறும் முதல் பத்து ஊழியர்களின் பட்டியலைப் பெரும்பாலும் அறிக்கையோடு அனுப்புவதில்லை. கேட்டால் தர வேண்டும். கம்பெனி செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

லாபம் ஏன் குறைந்தது என்பதற்கும் நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். தொழில் முழுவதும் மந்தம் என்றால் போட்டி நிறுவனங்களின் கணக்கிலும் அது தெரியும்; தெரியாவிட்டால் குறை உள்ளுக்குள் இருக்கிறது. நிர்வாகத்தின் ஆய்வுரை என்ற பகுதியில், முக்கிய நிதி விகிதங்கள் முந்தைய ஆண்டைவிட 25 விழுக்காடோ அதற்கு மேலோ மாறியிருந்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது செபியின் விதி. அந்தக் காரணம் வெறும் “சந்தைச் சூழல்” என்று ஒற்றை வரியில் முடிகிறதா, மூலப்பொருள் விலை, ஏற்றுமதி, வட்டிச் செலவு என்று எண்களோடு பேசுகிறதா என்று பாருங்கள். இதர வருமானத்தில் நிலம் விற்ற பணம் சேர்ந்து லாபத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். நலிந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த வெளியிலிருந்து வந்த திறமையான நிர்வாகிக்கு நல்ல ஊதியம் தருவதில் எனக்கு மறுப்பில்லை. வழிவழியாகப் பதவியில் இருப்பவர், லாபம் பாதியான பிறகும் முந்தைய உயர்வையே கேட்பதுதான் கேள்விக்குரியது.

கேள்வியை எழுதுவதும் கேட்பதும்

முன்பெல்லாம் சென்னையில் கூட்டம் என்றால் காட்பாடியில் விடிகாலை ரயிலைப் பிடித்து 130 கிலோமீட்டர் போக வேண்டும். சபா அரங்கில் காபி, டிபன் முடிந்து இடம் பிடிப்பதற்குள் பாதி அலுவல் முடிந்திருக்கும். 2020 முதல் பெரும்பாலான நிறுவனங்கள் காணொளியிலேயே கூட்டத்தை நடத்துகின்றன. வேலூர் சத்துவாச்சாரி வீட்டிலிருந்தபடியே பேசலாம். அதற்குப் பேச்சாளராக முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த முகவரிக்கு, எந்த நாளுக்குள் என்பது அறிவிப்பின் குறிப்புகளில் இருக்கும். நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள மின்னஞ்சலிலிருந்து, பெயர், டீமேட் எண் (மின்னணுப் பங்குக் கணக்கின் எண்) அல்லது ஃபோலியோ எண் (காகிதப் பங்குப் பதிவின் எண்), கைப்பேசி எண் ஆகியவற்றோடு எழுத வேண்டும். தமிழில் பேசக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் கேள்வியை ஆங்கிலத்திலும் எழுதி முன்னதாக அனுப்பிவிட்டால், “புரியவில்லை” என்ற சாக்குக்கு இடமிருக்காது.

பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அந்த நேரத்தில் நிறுவனத்தை வாழ்த்துவதும், நிறுவனரின் புகழ் பாடுவதும், கடைசியில் போனஸ் பங்கு கேட்பதும் நம் கூட்டங்களில் வெகுநாளாக நடந்துவரும் சடங்கு. அதை விட்டுவிட்டு, பதில் எண்ணாக வர வேண்டிய ஒரே கேள்வியைக் கேளுங்கள். எழுத்தில் அது இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, கடந்த நான்கு ஆண்டுகளில் நிறுவனத்தின் நிகர லாபம் 38 கோடியிலிருந்து 21 கோடியாகக் குறைந்துள்ளது. அதே காலத்தில் நிர்வாக இயக்குநரின் ஊதியம் லாபத்தில் 4 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காடாக உயர்ந்துள்ளது. இந்த உயர்வைப் பரிந்துரைத்தபோது நியமன, ஊதியக் குழு எந்த அளவுகோல்களைக் கொண்டது, அவற்றுள் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்பதைக் குழுவின் தலைவர் விளக்கக் கோருகிறேன். குறைந்தபட்ச ஊதியப் பிரிவை நீக்கிவிட்டு, லாபத்தைச் சார்ந்த பகுதியைக் கூட்டித் தீர்மானத்தைத் திருத்திக் கொண்டுவர இயக்குநர் குழு முன்வருமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கேள்வியை நிர்வாக இயக்குநரிடம் கேட்காமல் நியமன, ஊதியக் குழுவின் தலைவரிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் குழுவில் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இயக்குநர்கள் மட்டுமே இருக்க முடியும். பட்டியலிட்ட நிறுவனங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சுயேச்சை இயக்குநர்கள். ஊதியத்துக்கு நியாயம் சொல்ல வேண்டிய கடமை அவர்களுடையது. அந்தக் குழுவின் தலைவரோ, அவர் அனுப்பும் உறுப்பினரோ பொதுக்கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

வாக்களித்தல்

கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே, தொலைநிலை இ-வோட்டிங் வழியாக வாக்களித்துவிடலாம். அது குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடப்படும். அறிவிப்பில் குறிப்பிட்ட தகுதி நாளில் பங்கு உங்கள் கணக்கில் இருந்தால் போதும். டீமேட் எண் ஆங்கிலத்தில் ஐ, என் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் உங்கள் கணக்கு, மின்னணுப் பங்குகளைக் காக்கும் இரண்டு அமைப்புகளில் என்எஸ்டிஎல்-இல் இருக்கிறது. எண்ணின் பதினாறு இடங்களும் இலக்கங்களாக இருந்தால் மற்றொன்றான சிடிஎஸ்எல். அந்தந்தத் தளத்தில் நுழைந்தால், வாக்களிக்க வேண்டிய நிறுவனங்களின் பட்டியல் தெரியும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஆதரவு, எதிர்ப்பு என்பதைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் எதிர்ப்பைப் பதிவு செய்வதைவிட, கணக்குகளையும் டிவிடெண்டையும் ஏற்று, ஊதியத்தை மட்டும் எதிர்க்கும் வாக்கு என்ன சொல்கிறது என்பது நிர்வாகத்துக்குத் தெளிவாகப் புரியும். உறுதிசெய்த பிறகு வாக்கை மாற்ற முடியாது.

நம் பகுதியில் வாக்கு வீணாகப் போவதற்குப் பெரிய காரணம் கைப்பேசி எண். பெற்றோரின் டீமேட் கணக்கில் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள். ஓடிபி அங்கே போகும், மகன் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார், இங்கே திரையில் நேரம் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு முன்பே எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை மகனோடு பேசிக்கொண்டே வாக்களித்துவிடுங்கள். கணவன், மனைவி, பிள்ளை என்று வீட்டில் மூன்று கணக்கு இருந்தால் மூன்றிலும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும். கூட்டுக் கணக்கில் முதல் பெயருக்கே வாக்கு. டிரங்குப் பெட்டியில் காகிதப் பத்திரமாகப் பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்குரிமை உண்டு. அவர் ஃபோலியோ எண்ணைக் கொண்டு வாக்களிக்கும் முறை அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

கூட்டத்துக்குப் பிறகு

கூட்டம் முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் வாக்கு முடிவைப் பங்குச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். அதில் புரமோட்டர்கள், நிதி நிறுவனங்கள், பிற பொதுப் பங்குதாரர்கள் எனத் தனித்தனி வரிசை இருக்கும். தீர்மானம் நிறைவேறியதா என்பதோடு நிறுத்தாமல், புரமோட்டர் வரிசையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பாருங்கள். நிதி நிறுவனங்களில் பாதிப் பேர் எதிர்த்திருந்தால், அடுத்த முறை அதே ஊதியத்தைக் கேட்க இயக்குநர் குழு யோசிக்கும். பிற பங்குதாரர் வரிசையில் பதிவான வாக்கு மிகக் குறைவாக இருந்தால், நம்மைப் போன்றவர்கள் அறிக்கையைத் திறக்கவே இல்லை என்று பொருள்.

நேரடியாகப் பங்கு வாங்காமல் மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாக எஸ்ஐபி போடுபவருக்கும் இங்கே வேலை இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் ஃபண்டுகள் தாங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களின் எல்லாத் தீர்மானங்களுக்கும் வாக்களித்தாக வேண்டும். எப்படி வாக்களித்தார்கள், ஏன் என்பதைக் காலாண்டுதோறும் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். உங்கள் பணத்தை வைத்து ஆதரவு வாக்குப் போட்டுவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் “நிறுவனத்தின் நலன் கருதி” என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த ஃபண்டின் முதலீட்டாளர் சேவைப் பிரிவுக்கு விளக்கம் கேட்டு எழுதலாம்.

செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் ‘லாபம் குறைந்துவிட்டது, ஊதியம் அதிகம்’ என்று புகார் செய்து பயனில்லை. அது அதற்கான இடம் அன்று. டிவிடெண்ட் வரவில்லை, ஆண்டறிக்கை அனுப்பவில்லை, கேட்ட ஆவணத்தைத் தரவில்லை போன்றவற்றுக்கு முதலில் நிறுவனத்துக்கு எழுதி, பதில் வராவிட்டால் அங்கே பதிவு செய்யலாம். நிறுவனம் 21 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும். அடக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு என்று தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகவும் வழி உண்டு. ஆனால் அதற்கு 100 உறுப்பினர்களோ, மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினரோ, பத்தில் ஒரு பங்கு மூலதனம் வைத்திருப்பவரோ வேண்டும். ஊதியக் குறை ஒன்றுக்காக அவ்வளவு தூரம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூட்டத்தில் தலைவர் “உங்கள் கேள்விக்குத் தனியாகப் பதில் அனுப்புவோம்” என்று சொல்லியிருந்தால், ஒரு வாரம் பொறுத்து அந்த வாக்குறுதியை நினைவூட்டிக் கம்பெனி செயலாளருக்கு எழுதுங்கள். பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பதிவு அலுவலகத்தில் கட்டணமின்றிப் பார்க்கப் பங்குதாரருக்கு உரிமை உண்டு. பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மிகாத கட்டணம் செலுத்திப் படி கேட்டால் 7 வேலை நாளுக்குள் தர வேண்டும். உங்கள் கேள்வியும் அதற்குச் சொன்ன பதிலும் அந்தக் குறிப்பில் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று பார்த்து, அந்தப் படியை அடுத்த ஆண்டின் அறிவிப்போடு சேர்த்துப் படிப்பதற்காக எடுத்து வையுங்கள்.